சுவரில் தொங்கும் நம்பரும் ஃபைபரில் வரும் போனும்

ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அன்றிலிருந்து மார்கழி வரை அந்த ஊர் அச்சக ஆபீஸ்களில் போன் ஓயாது. எனக்குப் பழக்கமான ஓர் அச்சகத்தில் ஆபீஸ் வேலைக்கு ஆறு பேர். மேசையில் ஒரு பழைய லேண்ட்லைன், பக்கத்தில் மூன்று செல்போன்கள், அதில் ஒன்றின் முதுகில் ரப்பர் பேண்டு. கணக்குப் பார்க்கும் அக்கா ஒரு போனில் ஏஜென்ட்டுடன் பேசிக்கொண்டே இன்னொரு போனில், "அண்ணாச்சி, ரெண்டே நிமிஷம்" என்பார். அந்த இரண்டு நிமிஷத்தில் மூன்றாவது போன் அடித்து ஓய்ந்துவிடும். கூப்பிட்டது யார், அவரை யாராவது திரும்பக் கூப்பிட்டார்களா என்பது சாயங்காலம் ஒருவருக்கும் நினைவிருக்காது. ஆயிரம் காலண்டருக்கு ஆர்டர் கொடுக்க வந்த பார்ட்டியாகக்கூட இருக்கலாம்.

"நெட் போன் போட்டுடலாமா?" என்று அதன் முதலாளி கேட்டார். மூன்று இடத்திலிருந்து கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தார். மூன்றிலும் பக்கம் பக்கமாக வசதிகள்: எண்ணை அழுத்தச் சொல்லும் ஐவிஆர், கால் ரெக்கார்டிங், டேஷ்போர்டு, வாட்ஸ்அப் இணைப்பு. ஆனால் நம்பர் யார் பேரில் இருக்கும் என்று ஒன்றிலும் இல்லை. கரண்ட் போனால் போன் என்ன ஆகும் என்றும் இல்லை. சிறு தொழில் செய்பவர் முதலில் கேட்க வேண்டியவை இந்த இரண்டும்தான். வசதிப் பட்டியலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இணையத் தொலைபேசி என்ற பெயரே சிலருக்குப் பயம் தருகிறது. விஷயம் எளிமையானது. நாம் பேசுவதை 20 மில்லி நொடித் துண்டுகளாக வெட்டி, நொடிக்கு 50 பொட்டலங்களாக இணைய லைனில் அனுப்புகிறார்கள். யார் யாரைக் கூப்பிடுகிறார், எப்போது மணி அடிக்க வேண்டும், எப்போது வைக்க வேண்டும் என்பதைப் பேசி முடிக்க 'சிப்' என்றொரு நெறிமுறை இருக்கிறது. அதன் இன்றைய வடிவம் 2002-இல் வந்தது. 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோவில் எல்லா அழைப்புகளும் ஆரம்பத்திலிருந்தே இதே பொட்டல முறையில்தான் போகின்றன. ஆகவே இது புதிய பரிசோதனை இல்லை. பல ஆண்டுகளாகக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருப்பதைத்தான் இப்போது மேசைக்கும் கொண்டு வருகிறோம்.

சரி, நம்பருக்கு வருவோம். காலண்டர் அச்சகக்காரருக்கு நம்பரின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் அடிக்கும் ஒவ்வொரு காலண்டரின் அடியிலும் ஏதோ ஒரு கடையின் நம்பர் இருக்கிறது, ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் நம்பரும் இருக்கிறது. அது ஒரு வருஷம் முழுக்க யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்கும். பிப்ரவரியில் நம்பரை மாற்றினால், மீதிப் பத்து மாதமும் அந்தச் சுவர்களெல்லாம் தப்பான நம்பரையே காட்டிக்கொண்டிருக்கும். கருவியையும் கம்பெனியையும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். நம்பரை அப்படி மாற்ற முடியாது.

இந்தியாவில் இதில் ஒரு சிக்கல் உண்டு. செல்போன் நம்பரை எந்த நிறுவனத்துக்கும் எடுத்துப் போகலாம். 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் அந்த வசதி இருக்கிறது. லேண்ட்லைன் நம்பருக்கு அது கிடையாது. 04562 என்று தொடங்கும் சிவகாசி நம்பர் எந்த நிறுவனம் கொடுத்ததோ அந்த நிறுவனத்தோடேயே கிடக்கும். இணையம் வழியாக நம்பரையும் அழைப்பு வசதியையும் சந்தாவுக்குத் தரும் கிளவுட் டெலிபோனி கம்பெனியின் நம்பரில் இன்னும் கவனம் வேண்டும். பல நேரங்களில் அந்த நம்பர் அந்தக் கம்பெனியின் பேரில் வாங்கியது. நாம் வாடகைக்கு இருக்கிறோம். சந்தா கட்டுவதை நிறுத்தினால் நம்பர் போய்விடும். கொஞ்ச நாளில் அது வேறொருவருக்குப் போகும், நம் பார்ட்டிகள் அவரைக் கூப்பிடுவார்கள். அதனால் விலை பேசுவதற்கு முன்பே இரண்டு கேள்விகளை மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்: நம்பர் யார் கேஒய்சி-யில் பதிவாகும்? நாங்கள் விலகினால் அது எங்களோடு வருமா?

பழைய தாமிரக் கம்பி லேண்ட்லைன் வைத்திருப்பவர்கள் அதைச் சரண்டர் செய்ய அவசரப்பட வேண்டாம். பிஎஸ்என்எல் இணைப்பாக இருந்தால், அதே நம்பரோடு ஃபைபருக்கு மாற்றித் தருவார்களா என்று உங்கள் எக்ஸ்சேஞ்சில் கேளுங்கள். முடியாது என்றால், அந்த லைனைக் குறைந்த வாடகைத் திட்டத்தில் உயிரோடு வைத்து, வரும் அழைப்புகளைப் புது நம்பருக்குத் திருப்பி விடுங்கள். மாதம் ஒரு சிறு தொகைதான். பல வருஷப் பழக்கத்தைக் காப்பாற்ற அது அதிகமில்லை.

அடுத்த கேள்வி, எத்தனை லைன். இதில் பெரும்பாலோர் போடும் கணக்கு தப்பு. மும்முரமான ஒரு மணி நேரத்தில் 40 அழைப்பு வருகிறது, ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 நிமிஷம். அதாவது எந்த நேரத்திலும் சராசரியாக இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படியென்றால் இரண்டு லைன் போதும் என்று தோன்றும். போதாது. அழைப்புகள் வரிசையில் நின்று வருவதில்லை, கும்பலாக வந்து விழுகின்றன. டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணிதவியலாளர் இதற்கான சூத்திரத்தை 1917-இல் வெளியிட்டார். இன்றைக்கும் அதுதான் கணக்கு. அதில் போட்டுப் பார்த்தால், இரண்டு லைன் இருந்தால் அந்த 40 பேரில் 16 பேருக்கு பிசி டோன் கேட்கும். மூன்று லைனில் 8 பேருக்கு, நான்கில் ஏறக்குறைய 4 பேருக்கு. ஆறு லைன் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவருக்குத்தான்.

பழைய முறையில் ஆறு லைன் என்றால் ஆறு ஜோடிக் கம்பி, ஆறு வாடகை. கொஞ்சம் பெரிய ஆபீஸ் என்றால் பிஆர்ஐ என்ற டிஜிட்டல் லைன் எடுப்பார்கள். அதில் 30 சேனல், அதாவது ஒரே நேரத்தில் 30 அழைப்புக்கான வழி, மொத்தமாக வரும், வேண்டுமோ வேண்டாமோ காசு கட்ட வேண்டும். இணையத் தொலைபேசியில் ஒரே நம்பருக்கு ஆறு சேனல், ஆடியிலிருந்து மார்கழி வரை பத்து, பிறகு மறுபடி நான்கு என்று கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். சீசன் தொழில் செய்பவருக்கு இதைவிடப் பெரிய லாபம் இந்த மாற்றத்தில் இல்லை. ஆனால் ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். "வருஷச் சந்தா எடுத்தால் தள்ளுபடி" என்று சொல்லி, சீசன் எண்ணிக்கையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்ட வைத்துவிடுவார்கள். மாதக் கணக்கில் சேனல் மாற்ற முடியுமா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

லைன் ஆறு இருந்தும் பேச மூன்று பேர்தான் என்றால் மற்றவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். அதற்காகத்தான் விட்டுப்போன அழைப்புகளின் பட்டியல். அத்தனை வசதிகளிலும் எனக்கு உண்மையிலேயே பிடித்தது இது ஒன்றுதான். யார் கூப்பிட்டார், எத்தனை மணிக்கு, திரும்பக் கூப்பிட்டாயிற்றா, யார் கூப்பிட்டது என்பதெல்லாம் ஒரே திரையில் இருக்கும். "ரெண்டே நிமிஷம்" சொன்ன அக்காவுக்கு வேண்டியதும் இதுதான்.

இனி எந்த வகை அமைப்பு என்று பார்ப்போம். சந்தையில் இருப்பதை மூன்று வழிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

எக்ஸோடெல், நாலாரிட்டி, மைஆபரேட்டர் போன்ற கிளவுட் டெலிபோனி நிறுவனங்கள் ஒரு பொது நம்பரைத் தருகின்றன. அதற்கு வரும் அழைப்பை உங்கள் ஆட்களின் செல்போன்களுக்குத் திருப்பிவிடுவது இவர்களின் வழக்கமான முறை. ஆபீஸில் புதிதாக எந்தக் கருவியும் வேண்டாம், நெட் லைன்கூட வேண்டாம். பாதி ஆட்கள் வெளியில் அலைகிறவர்களாக இருந்தால் இது நல்ல வழி. ஆனால் நிமிஷக் கட்டணத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். வந்த அழைப்பு ஒரு கால், அதை உங்கள் செல்போனுக்கு அனுப்புவது இன்னொரு கால். இரண்டுக்கும் காசு ஓடுகிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு வழி, ஏர்டெல், டாடா டெலி, ஜியோ, பிஎஸ்என்எல் போன்ற உரிமம் பெற்ற நிறுவனத்திடம் இணைய லைனில் பல அழைப்புகளைக் கொண்டுவரும் 'சிப் டிரங்க்' வாங்கி, அவற்றை மேசைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஐபி பிபிஎக்ஸ் பெட்டியை ஆபீஸில் சொந்தமாக வைத்துக்கொள்வது. நம்பர் உங்கள் நிறுவனத்தின் பேரில் வரும். பெட்டிக்குள் ஓடும் மென்பொருள் பல நேரங்களில் ஆஸ்டரிஸ்க் அல்லது அதன்மேல் கட்டியதாக இருக்கும். அதன் கதை சிறு தொழில்காரர்களுக்குப் பிடிக்கும். 1999-இல் அமெரிக்காவில் கல்லூரியில் படித்துக்கொண்டே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு உதவி தரும் நிறுவனம் தொடங்கிய மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தன் ஆபீஸுக்கு எக்ஸ்சேஞ்ச் பெட்டி வாங்கப் பணமில்லாமல் தானே எழுதிய மென்பொருள் அது. இன்றும் இலவசம். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். கூப்பிட்ட அன்றே வந்து நிற்கக்கூடிய டெக்னீஷியன் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இல்லையென்றால் இந்த வழிக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது, பிபிஎக்ஸையே கிளவுடில் வாடகைக்கு எடுப்பது. மேசையில் நெட் லைனில் ஓடும் ஐபி போன் அல்லது கணினியில், செல்போனில் ஒரு ஆப். தலைக்கு இவ்வளவு என்று மாத வாடகை. ஆறு பேருக்குச் சுகமாக இருக்கும். முப்பது பேர் ஆகும்போது சொந்தப் பெட்டி மலிவாகிவிடும். இதில் சர்வர் எங்கே இருக்கிறது என்று கேட்பது முக்கியம். பேச்சு ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். சென்னையிலோ மும்பையிலோ சர்வர் இருந்தால் கவலையில்லை. அமெரிக்காவில் இருந்தால் பொட்டலம் போய்வரவே 200 மில்லி நொடியைத் தாண்டும். அதன்மேல் மற்றத் தாமதங்களும் சேர, இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்தி, "சொல்லுங்க, நீங்க சொல்லுங்க" என்று தடுமாறுவார்கள்.

1800 நம்பர் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிறு தொழிலுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. கூப்பிடுகிறவரின் செலவை நாம் ஏற்பதற்கான ஏற்பாடு அது. இன்று பெரும்பாலோர் செல்போன் ரீசார்ஜிலேயே பேச்சு அளவில்லாமல் வந்துவிடுகிறது. அந்தப் பணத்தில் இரண்டு சேனல் கூடுதலாக வாங்கலாம்.

நெட் லைன் வேகம் பற்றி வீணாகப் பயப்படுகிறார்கள். வழக்கமான தரத்தில் ஓர் அழைப்பு நொடிக்குச் சுமார் 87 கிலோபிட் எடுக்கும், போக ஒன்று, வர ஒன்று. ஆறு பேர் சேர்ந்து பேசினாலும் இரு பக்கமும் அரை மெகாபிட்டுக்குப் பக்கம்தான். எந்த ஃபைபர் லைனும் இதைத் தாங்கும். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. அச்சகத்தில் டிசைனர் உட்கார்ந்து இரண்டு ஜிபி ஃபைலை மேலேற்ற ஆரம்பிப்பார். அந்த நேரம் பேச்சுப் பொட்டலங்கள் அதன் பின்னால் வரிசையில் மாட்டிக்கொள்ளும். பார்ட்டிக்கு நம் குரல் விட்டு விட்டுக் கேட்கும். நமக்கோ அவர் குரல் தெளிவாகவே இருக்கும், அதனால் குறை நம் பக்கம் என்றே தெரியாது. ரவுட்டரில் பேச்சுக்கு முன்னுரிமை கொடுக்கும் அமைப்பைப் போட்டுவிட்டால் இது தீரும். அதோடு, பல ரவுட்டர்களில் 'சிப் ஏஎல்ஜி' என்றொரு அமைப்பு தானாகவே ஆன் ஆகியிருக்கும். உதவி செய்ய வந்த அதுவே பொட்டலங்களின் முகவரியைக் குழப்பி, ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்க வைத்துவிடும். இணைப்பு கொடுக்க வருகிறவரிடம் அதை அணைக்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் பாதிப் புகார்கள் அதோடு நின்றுவிடும்.

கரண்ட் விஷயத்தை மட்டும் நிதானமாக யோசிக்க வேண்டும். பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக 48 வோல்ட் மின்சாரம் வந்தது. ஊரே இருட்டாக இருந்தாலும் அது அடித்தது. ஃபைபர் கண்ணாடி இழை. அதில் மின்சாரம் வராது. நம்மூரில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியம் 2 மணி வரை, சில இடங்களில் 5 மணி வரை கரண்ட் இருக்காது. ஃபைபர் மோடம், ரவுட்டர், ஸ்விட்ச், ஐபி போன் என்று நான்கு கண்ணிகள். அதில் ஒன்று அணைந்தாலும் போன் செத்துவிடும். கணினிக்கு யூபிஎஸ் இருக்கும், ஆனால் மோடம் வாசல் பக்கத்துச் சுவரில் தனி பிளக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த அச்சகத்திலும் அப்படித்தான் இருந்தது. நான்கையும் ஒரே யூபிஎஸ்ஸில் சேர்த்தோம். மோடமும் ரவுட்டரும் எடுக்கும் மின்சாரம் ஒரு சிறு எல்இடி பல்ப் அளவுதான். நல்ல பேட்டரியில் பாதி நாள் தாங்கும்.

அப்புறம், லைன் கேபிள்காரர் மூலமாக வருகிறது என்றால் அவருடைய கட்டுப்பாட்டு அறையில் எத்தனை மணி நேரம் பேட்டரி நிற்கும் என்று கேட்க வேண்டும். நடுவில் கம்பத்தில் இருக்கும் பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் அவர் முனையில் பெட்டி அணைந்தால் நம் யூபிஎஸ் இருந்தும் பயனில்லை. அப்படி எல்லாமே போனாலும் அழைப்பு நழுவிப் போகாமலிருக்க ஒரு வழி உண்டு. நம் கருவி பதிலளிக்கவில்லை என்றால் அழைப்பைத் தானாக இரண்டு செல்போன்களுக்குத் திருப்பும் கட்டளையைப் போட வேண்டும். அந்தக் கட்டளை நிறுவனத்தின் சர்வரில் இருக்க வேண்டும். நம் ஆபீஸ் பெட்டிக்குள் போட்டு வைத்தால், பெட்டி அணையும்போது கட்டளையும் சேர்ந்து அணைந்துவிடும்.

சொந்தப் பெட்டி வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தெரிந்தவர் ஒருவர் கிட்டங்கியில் 101, 102 என்று எக்ஸ்டென்ஷன் கொடுத்து, கடவுச்சொல்லும் 101, 102 என்றே வைத்திருந்தார்கள். பெட்டி நேராக இணையத்தில் திறந்து கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு முழுக்க எங்கேயோ வெளிநாட்டு நம்பர்களுக்கு அதிலிருந்து அழைப்புகள் ஓடின. திங்கட்கிழமை காலை கடை திறந்தபோதுதான் தெரிந்தது. இப்படித் திறந்து கிடக்கும் பெட்டிகளைத் தேடும் நிரல்கள் இரவு பகலாக உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. ஐஎஸ்டி வேண்டாமென்றால் நிறுவனத்திடமே சொல்லி அடைத்துவிடுங்கள். வேண்டுமென்றால் நாளுக்கு இவ்வளவுதான் என்று தொகை வரம்பு போடச் சொல்லுங்கள்.

சட்டத்தின் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பத்திருபது சிம் கார்டு செருகும் பெட்டியைக் காட்டி, "வெளிநாட்டு கால் எல்லாம் இதில் லோக்கல் ரேட்டில் வரும்" என்று யாராவது வந்தால் அவரை அனுப்பிவிடுங்கள். அனுமதியில்லாமல் தொலைத்தொடர்பு சேவை நடத்தினால் 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பர அழைப்புக்கும் கட்டுப்பாடு உண்டு. பதிவு செய்யாமல் லைன்களை வைத்து மொத்தமாக விளம்பரம் பேசினால் எல்லா இணைப்புகளையும் துண்டித்து 2 ஆண்டு வரை கறுப்புப் பட்டியலில் வைக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஆகஸ்டில் உத்தரவிட்டது. ஆல்பம் வந்த சந்தோஷத்தில் கிடைத்த பட்டியலுக்கெல்லாம் போன் போட்டால், சீசன் நடுவில் நம் நம்பரே போய்விடும்.

பில் உங்கள் நிறுவனத்தின் பேரில், ஜிஎஸ்டி எண்ணோடு வருகிறதா என்றும் பாருங்கள். இந்தச் சேவைக்கு 18 சதவீத வரி. பில் சரியாக இருந்தால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் சோதனைக்குக் கேளுங்கள். காலை பதினொரு மணி, ஆபீஸ் கொதிக்கும் நேரத்தில் சோதியுங்கள். ஆறு செல்போனிலிருந்து ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள். டிசைனரை ஃபைல் ஏற்றச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். மேசை போனிலிருந்து 108-க்கும் 112-க்கும் நேராகப் போகிறதா, முன்னால் 0 போட வேண்டுமா என்று டெக்னீஷியனிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2013-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஓர் ஓட்டல் அறையில் ஒரு பெண் தாக்கப்பட்டபோது, அவருடைய 9 வயது மகள் அந்நாட்டு அவசர எண்ணான 911-ஐத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். வெளி லைனுக்கு முதலில் 9 போட வேண்டும் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை. தாய் இறந்துபோனார். முன் எண் இல்லாமலேயே அவசர அழைப்பு போக வேண்டும் என்று 2018-இல் அங்கே சட்டம் வந்தது. கட்டிங் மெஷின் ஓடும் இடத்தில், பதற்றத்தில் போனை எடுப்பவர் புதிதாகச் சேர்ந்த பையனாக இருக்கலாம்.

அந்த அச்சகத்தில் கடைசியில் கிளவுட் பிபிஎக்ஸ்தான் எடுத்தார்கள். சீசனுக்கு ஆறு சேனல், நான்கு ஐபி போன், வெளியில் போகும் இருவருக்கு ஆப். பழைய 04562 லைனை வெட்டாமல், அழைப்பை மட்டும் புது நம்பருக்குத் திருப்பினார்கள். வரவேற்புக் குரலாக அக்காவே பேசிப் பதிவு செய்தார்; எண்களை அழுத்தச் சொல்லும் வரிசை எதுவும் வேண்டாம், நேராக எல்லா மேசையிலும் மணி அடிக்கட்டும் என்றார். அடுத்த மாதப் பராமரிப்பு நாளைப் பேப்பரில் பார்த்து வைத்துக்கொண்டு, கரண்ட் போன பத்தாவது நிமிஷம் வாசலில் நின்று தன் செல்போனிலிருந்து பழைய நம்பரைக் கூப்பிட்டார். உள்ளே நான்கு மேசையிலும் மணி அடித்தது. பிறகு யூபிஎஸ்ஸையும் அணைக்கச் சொல்லிவிட்டு மறுபடி கூப்பிட்டார். நாலைந்து ரிங் போன பிறகு முதலாளியின் சட்டைப் பையில் அடித்தது.